இரண்டு கைப்பிடித் தவிடு

நீதிமன்றத்தில் வாசித்துக் காட்டப்படும் எதையும் யாரும் கேட்பதில்லை. ஒவ்வொரு சத்தியக் கடதாசியின் அடியிலும் "வாசித்து விளங்கப்படுத்தப்பட்டு, விளங்கிக்கொண்டதாகத் தெரிவித்து" என்று ஒரு வரி இருக்கும். பதுளை நீதிமன்றப் பதிவாளராக அந்த வரியின் கீழ் கையெழுத்து வைத்தே என் உத்தியோக காலம் கழிந்தது. நான் வாசிப்பேன். எதிரில் நிற்பவர் பதினொன்றரை பஸ்ஸைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பார். வாசித்து முடிந்ததும் பெருவிரலை நீட்டுவார். இரு தரப்புக்கும் வசதியான ஏற்பாடு.

அதைக் குலைத்தவர் ஒரே ஒருவர்தான். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்த ஒரு பெண்மணி. முதல் தடவை வாசித்து முடித்தபோது, "மறுபடி வாசிங்க ஐயா" என்றார். எரிச்சலோடு மறுபடி வாசித்தேன். "மேற்படி பிள்ளை மூன்று வயது முதல் எனது முழுப் பராமரிப்பில் வளர்ந்து வருகின்றாள்" என்ற இடத்தில் கையை உயர்த்தினார்.

"அப்பிடி நடக்கலீங்க."

"பின்னே எப்படி நடந்தது?"

"முழுசா எங்கங்க பாத்தேன்? காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போனா, புள்ள மடுவத்துல ஆயாம்மாதான் வச்சிருந்தாங்க. மத்தியானம் பக்கத்து வீட்டுக் காம்பராவுல சோறு குடுப்பாங்க. ராவைக்குத்தான் நானு."

'முழு' என்பதை வெட்டிவிட்டு 'பெரும்பாலும்' என்று போட்டேன். அவர் யோசித்தார்.

"பெரும்பாலும்னா பாதிக்கு மேலயா ஐயா?"

கடைசியில் அந்த வரி, பகலில் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தின் உதவியோடும் அயலாரின் உதவியோடும் என்று மூன்று வரியாக நீண்டது. இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அப்பிடித்தாங்க நடந்துச்சு" என்றார். பிறகுதான் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். தேயிலைக் கறை ஏறிய விரல்கள். எவ்வளவு துடைத்தாலும் கடதாசியின் ஓரத்தில் மங்கலாக ஒரு தடம் விழும். எங்களுடைய மைப்பெட்டிக்கு அவரிடம் வேலையே இருக்கவில்லை.

அவருடைய பெயரை நான் சொல்லப்போவதில்லை. பிள்ளையை மகவேற்கும் வழக்குகள் மூடிய அறையில் நடப்பவை. மகவேற்பு என்றால் ஊர் வாயில் தத்து. அந்தக் கோப்புகளில் உள்ள பெயர்கள் வெளியே வரக் கூடாது. நான் ஓய்வு பெற்றுவிட்டேன், சட்டம் ஓய்வு பெறவில்லை. பெயர் சொல்லாவிட்டாலும், அந்தத் தோட்டத்தில் அவரைத் தெரிந்தவர்களுக்கு இதுவரை எழுதியதே போதும்.

தத்தெடுக்கவென்று என் மேசைக்கு வந்தவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதலாவது வகையினர் தாமதித்து வந்தவர்கள். பதுளை பஜாரில் கடை வைத்திருந்த ஒரு முதலாளி, நாற்பது வயதான தன் தங்கை மகனைத் தத்தெடுக்க வேண்டும் என்று வந்து நின்றார். கடைக்கு வாரிசு இல்லையாம். நாற்பது வயதுக்காரருக்கு மீசை நரைக்கத் தொடங்கியிருந்தது. கண்டிச் சட்டத்துக்குட்பட்ட சிங்களவர்களுக்கு உறுதி எழுதும் நொத்தாரிசு முன்னிலையில் வளர்ந்தவரையும் ஏற்றுக்கொள்ள ஒரு வழி உண்டு. மலையகத் தமிழரான எங்களுக்கு அது கிடையாது. யாழ்ப்பாணத்தாருக்குத் தேசவழமை என்று தனிச் சட்டம் உண்டு. அதுவும் எங்களுடையதல்ல. "மரண சாசனம் எழுதுங்கள், அல்லது உயிரோடு இருக்கும்போதே நன்கொடை உறுதி எழுதுங்கள், மகனாக்க முடியாது" என்றேன். "மகன் ஆக்காம கடைய மட்டும் குடுத்தா, குடுத்த பொறகு திரும்பிப் பாப்பானா?" என்று முதலாளி அவனுக்கு முன்னாலேயே கேட்டார். அதற்குப் படிவம் இல்லை.

இரண்டாவது வகையினர், தத்தெடுத்தாகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள். தோட்டத்து ஆட்கள் பெரும்பாலும் இந்த வகை. தோட்டத்து மடுவப் புத்தகத்தில் பிள்ளையின் பெயருக்கு எதிரே பெரிய கிளாக்கர் இவர்களுடைய பெயரை எழுதியிருப்பார். துரை கையெழுத்து வைத்திருப்பார். துரையின் புத்தகத்துக்கு மேலே இன்னொரு புத்தகம் இருக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. பிள்ளைக்குப் பரீட்சை விண்ணப்பமோ அடையாள அட்டையோ எடுக்கப் போகும் நாளில்தான் தெரியவரும், பத்து வருடம் வளர்த்தது சட்டப்படி ஊரார் பிள்ளையை என்று.

அந்தப் பெண்மணி இரண்டிலும் சேராதவர். என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, நான் கேட்பதற்கு முன்பே சொன்ன முதல் வாக்கியம் இது:

"இது எம்புள்ள இல்லீங்க. எந்தங்கச்சி புள்ள. எம்புள்ளயா ஆக்க முடியுமான்னு கேக்க வந்தேன்."

பக்கத்தில் நின்ற பெண் பிள்ளை, பதின்மூன்று வயது, வாயை மூடிக்கொண்டு சிரித்தது.

தங்கை மலையில் கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டி இறந்துபோனார். பிள்ளைக்கு அப்போது மூன்று வயது. தகப்பன் வெலிமடைக்குப் போய், மரக்கறி லொறியில் மூட்டை ஏற்றி, அங்கேயே இன்னொரு குடும்பத்தையும் ஏற்படுத்திக்கொண்டார். பத்து வருடம் வருடத்துக்கொரு தடவை தீபாவளிக்கு வந்து போனவர், அந்த வருடம் மட்டும் இரண்டு தடவை வந்தார். இரண்டாம் தடவை வந்தபோது, கொழும்பில் நல்ல வீடொன்று இருக்கிறது, பிள்ளை அங்கே சமையலறையில் கூடமாட இருந்தால் வயிறாரச் சாப்பிடலாம் என்று சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடம்? அதையும் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம்.

தகப்பன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் பெரியம்மாவால் சட்டப்படி ஒன்றும் செய்ய முடியாது. அதுதான் அவரைப் பதுளைக்கு ஓட்டி வந்தது. அந்தக் காலத்துச் சட்டப்படி பதினான்கு வயது நிரம்பினால் மகவேற்க முடியாது. அந்த வயதை, எங்கள் நீதிமன்றத்தில் மகவேற்புக் கட்டளை பிறக்கும் நாளை வைத்தே கணக்கெடுத்தோம். பிள்ளைக்குப் பதினான்கு பிறக்க நான்கு மாதம் இருந்தது. சிறுவர் நலன் பார்க்கும் நன்னடத்தை உத்தியோகத்தர் வெலிமடைக்குப் போய்ப் பேசியதில் தகப்பன் வெட்கப்பட்டுச் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். ஆனால் கட்டளை பிறக்கும் வரைக்கும் சம்மதத்தைத் திருப்பி எடுக்கலாம். வெட்கம் எவ்வளவு நாள் நீடிக்கும் என்பதை எந்தச் சட்டத்தரணியாலும் சொல்ல முடியாது.

பிள்ளைதான் எனக்குப் பெரியம்மாவைப் பற்றிய கதைகளைச் சொன்னது. வழக்குத் தவணை நாட்களில் வாங்கில் உட்கார்ந்து சலித்துப்போய் என் மேசைக்கு வந்துவிடும்.

"ஐயா, எங்க பெரியம்மாவ ஏன் எல்லாரும் செத்த வீட்டுக்குக் கூப்புடுறதில்ல தெரியுமா?"

"ஏன்?"

"மேல் லயத்துத் தாத்தா செத்தப்போ எல்லாரும் 'நல்ல மனுசன், நல்ல மனுசன்'னு அழுதாங்க. பெரியம்மாகிட்டயும் கேட்டாங்க. 'குடிச்சா அடிப்பாரு. குடிக்காட்டி நல்லவரு'ன்னுச்சு. பொணத்துக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு!"

இன்னொரு நாள் கொழுந்து நிறுக்கும்போது தராசு அவருடைய கூடைக்கு ஒரு கிலோ கூடுதலாகக் காட்டியிருக்கிறது. "எங்கூடையில அவ்வளவு இல்லீங்க" என்று கங்காணியிடம் அவரே சொல்ல, தராசைச் சரிபார்த்து அன்று எல்லாருடைய கொழுந்தையும் மறுபடி நிறுத்தார்கள். எல்லாருக்கும் ஒரு கிலோ குறைந்தது. "ஒரு வாரம் எங்க காம்பராவுக்கு யாரும் நெருப்புக்கூடக் குடுக்கல" என்றது பிள்ளை, ஏதோ தங்கள் வீட்டுக்குப் பட்டம் கிடைத்ததைப்போல.

சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு விஷயம் மட்டும் எனக்குச் சிரிப்பாக இருக்கவில்லை. ஐந்து வயதில் ஒரு நாள் அது அவரை 'அம்மா' என்று கூப்பிட்டிருக்கிறது. அவர் அடுப்பை விட்டு எழுந்து வந்து, பிள்ளையை லயத்து வரிசை வீட்டின் வாசலுக்குக் கூட்டிப்போய், எதிர்மலையில் தங்கையைப் புதைத்த இடத்தைக் காட்டி, "அம்மா அங்க இருக்கா. நான் பெரியம்மா" என்று சொல்லிவிட்டு மறுபடி அடுப்பில் போய் உட்கார்ந்துகொண்டாராம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு திருத்தம் தேவையா என்று நினைத்தேன். இன்றைக்கும் எனக்கு முடிவாகத் தெரியவில்லை.

விசாரணைக்கு நாள் வந்தது. மொழிபெயர்ப்பாளர் பிரசவ விடுப்பில் இருந்ததால் அந்த வேலையும் என் தலையில். நீதிபதியின் அறையில் ஆறு பேர் இருந்தோம். நீதிபதி சிங்களப் பெண்மணி, நிதானமானவர். இலவச உதவிக்கு வந்த இளம் சட்டத்தரணிக்குத் தமிழ் தெரியாது. பெரியம்மா, பிள்ளை, ஓரத்தில் தகப்பன், நான்.

கேள்விகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். "இந்தப் பிள்ளையைப் பெற்றுக்கொள்வதற்காக யாருக்காவது பணமோ வேறெதுவுமோ கொடுத்தீர்களா?" என்பது அவற்றில் ஒன்று. பிள்ளை வியாபாரம் நடக்கக் கூடாது என்பதற்காகச் சட்டம் வைத்த கேள்வி. பிள்ளையை விலைக்கு வாங்கியவர்கள்கூட அதற்கு 'இல்லை' என்றுதான் சொல்வார்கள். நான் கேள்வியைத் தமிழில் சொல்லிவிட்டு, 'இல்லை' என்பதற்கான சிங்களச் சொல்லை நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தேன்.

"குடுத்தேங்க" என்றார்.

"ஏம்மா, கேள்வி விளங்கிச்சா? புள்ளைக்காக யாருக்காவது ஏதாவது..."

"விளங்கிச்சுங்க. எந்தங்கச்சிக்குக் குடுத்தேன். குடுத்துத்தான் புள்ளய வாங்குனேன்."

மொழிபெயர்ப்பவன் சத்தியம் செய்தவன். மொழிபெயர்த்தேன். நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். சட்டத்தரணி கையிலிருந்த கோப்பை மெதுவாக மூடினார்.

"என்ன கொடுத்தார்?"

"ரெண்டு கை தவுடுங்க."

தவிட்டுக்குச் சிங்களச் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். அந்த நேரம் பார்த்து வரவில்லை. "நெல் குத்தும்போது வருமே, மாட்டுக்கு வைப்பார்களே, அது" என்று சுற்றி வளைத்தேன்.

"மாட்டுக்கா?" என்றார் நீதிபதி.

"என் வெல அவ்வளவுதாங்க" என்றது பிள்ளை, யாரும் கேட்காமலே. "கோழி வாங்குறதுன்னாக்கூட அதவிட ஜாஸ்தி குடுக்கணும்." அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

தமிழ் வாசகர்களில் சிலருக்கு இது தெரிந்திருக்கும். தங்கைக்கு முதல் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவது பிறந்ததும், இது உனக்குத் தங்க வேண்டுமென்றால் உன் பிள்ளையாக இருக்கக் கூடாது என்று லயத்துப் பெரியவர்கள் சொன்னார்கள். மாரியம்மன் கோயிலில் வைத்துத் தங்கை பிள்ளையை முறத்தில் கிடத்திக் கொடுக்க, அக்கா மடியிலிருந்து இரண்டு கை தவிட்டைக் கொடுத்து வாங்கினார். பெற்றவளுக்குப் பிள்ளை இல்லை என்று விதியை ஏமாற்றும் ஏற்பாடு. பிறகு பிள்ளை தேறி நாலைந்து வயதானதும், பெற்றவள் அதே கோயிலில் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்ள வேண்டும். அப்படி மீட்பதற்கு முன்பே தங்கை போய்விட்டார். பிள்ளை பிழைத்துக்கொண்டது, தாய் பிழைக்கவில்லை. விதி ஏமாந்ததா இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நீதிபதி கோபப்படவில்லை. ஆனால் பதிவில் ஏறிய பதிலை இறக்க முடியாது. கட்டளைச் சட்டத்தில் தவிடு, தங்கம் என்று பிரிவு கிடையாது. கொடுத்தாயா இல்லையா என்பதுதான் கேள்வி. நன்னடத்தை உத்தியோகத்தரின் மேலதிக அறிக்கைக்கு உத்தரவிட்டு மூன்று வாரம் தள்ளிவைத்தார். அந்தத் தவணைக்கும் பிள்ளையின் பதினான்காம் பிறந்தநாளுக்கும் இடையில் மிஞ்சியது எட்டு நாள்.

வெளியே வந்ததும் நான் பொறுமையிழந்தேன்.

"ஏம்மா, இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னைக்கே முடிஞ்சிருக்குமே!"

"குடுத்தத எப்பிடிங்க இல்லங்கிறது?"

"அது சடங்கும்மா. அதையெல்லாம் கொடுத்ததா எடுக்கக் கூடாது."

"சடங்குன்னா பொய்யிங்களா?"

நான் கோப்பைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

அறிக்கை நல்லபடியாகவே வந்தது. பிள்ளை விற்கப்படவில்லை, இது தோட்டப் பகுதி வழக்கம் என்று நன்னடத்தை உத்தியோகத்தர் எழுதியிருந்தார். சட்டத்தரணி புதிய சத்தியக் கடதாசி ஒன்றைத் தயாரித்து அனுப்பினார்: 'நான் எவருக்கும் எதுவும் கொடுக்கவில்லை.' வாசித்தேன். "அப்பிடி நடக்கலீங்க" என்றார். 'ஞாபகமில்லை என்று சொல்லலாம்' என்று நானே ஒரு யோசனை சொன்னேன். அதை எழுதும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது, சொன்னபோது இருக்கவில்லை. அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "ஞாபகம் இருக்குங்களே" என்றார்.

பிறகு கேட்டார்: "ஐயா, குடுத்தது திரும்பி வந்திருச்சுன்னா, அப்ப என்னங்க?"

மேசையில் வேறு பத்துக் கோப்பு கிடந்தது. தெரிந்ததைச் சொல்லுகிற பழக்கத்தில் சொன்னேன்: "திரும்பி வந்துட்டா கொடுத்ததா ஆகாது. ஆனா வெறுமனே வரக் கூடாது. வாங்கினதும் திரும்பிப் போயிருக்கணும். அதுதான் முறை."

அடுத்த கிழமை, தவணைக்கு மூன்று நாள் இருக்கும்போது, அவர் தனியாக வந்து நின்றார். பிள்ளை இல்லை. கையில் ஒரு பொலித்தீன் பை.

"புள்ளயக் குடுத்திட்டேங்க" என்றார்.

"யாருக்கு?"

"அப்பனுக்கு. நீங்க சொன்ன முறைப்படி. வெள்ளிக்கெழம கோயில்ல வச்சு. எந்தங்கச்சி இல்ல, அவ புருசன்தானே வாங்கணும்? தவுட்ட அவரே கொண்டாந்தாரு, நான் குடுத்தத அவரு திருப்பிக் குடுத்தாகணும்ல. புள்ளயக் கையில புடிச்சுக் குடுத்தேன். பஸ் ஏறிப் போயிட்டாங்க."

பையை மேசையில் வைத்தார். உள்ளே இரண்டு கை தவிடு.

என் உத்தியோக காலத்தில் நான் குரலை உயர்த்தியது குறைவு. அன்று உயர்த்தினேன். "பைத்தியமா உங்களுக்கு? அந்த ஆள் புள்ளயக் கொழும்புக்கு அனுப்பத் திரியிறவர். கோயில்ல குடுத்துட்டு, பின்னாலேயே திருப்பிக் கூட்டிட்டு வந்திருக்கலாம்ல?"

"அப்ப அது குடுத்த மாதிரி நடிச்சதாப் போயிருங்க."

"வியாழக்கிழமை தவணைக்கு அவர் கூட்டிட்டு வராட்டி?"

"வராட்டி, அவரு புள்ளய அவரு வச்சிருக்காருன்னு ஆகும்."

"அந்தக் கொழும்பு வீடு?"

"தெரியுங்க" என்றார். பையின் வாயைச் சுருட்டிச் சுருட்டி முடிச்சுப் போட்டார். முடிச்சு விழவில்லை. நான் வாங்கி முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன்.

அந்த மூன்று நாளும் நான் எவருக்கும் ஆலோசனை சொல்லவில்லை.

வியாழக்கிழமை எட்டரைக்கே அவர் வந்துவிட்டார். பையை மடியில் வைத்துக்கொண்டு வாங்கின் ஓரத்தில் உட்கார்ந்தார். ஒன்பதரைக்கு வழக்கு அழைக்கப்பட்டது. தகப்பனும் இல்லை, பிள்ளையும் இல்லை. சட்டத்தரணி கெஞ்சியதில் கடைசியாக எடுப்பதாக நீதிபதி சொன்னார். வெலிமடை பஸ்கள் ஒவ்வொன்றாக வந்து போவது எங்கள் மாடி ஜன்னலில் இருந்து தெரியும். நான் அன்று அதிக தடவை ஜன்னல் பக்கம் போனேன். காற்று வேண்டியிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தரைக்கு அவரிடம் போய், வராவிட்டால் மிஞ்சுகிற வழிகளைச் சொன்னேன். அடுத்த தவணை பிறந்தநாளுக்குப் பிறகுதான் விழும். அதன்பின் மகவேற்பு இல்லை. பிள்ளையின் பாதுகாப்பைக் கேட்டு வேறு வழக்குப் போடலாம், தகப்பன் எதிர்த்தால் இழுக்கும். அவர் ஒவ்வொன்றுக்கும் "ஆமாங்க" என்றார். கண் மட்டும் படிக்கட்டில் இருந்தது.

பதினொன்றே முக்காலுக்குப் படியில் செருப்புச் சத்தம். முன்னால் தகப்பன், தோளில் ஒரு சாக்குப் பை நிறைய லீக்ஸ் மரக்கறி. பின்னால் பிள்ளை, சட்டை முன்பக்கம் நனைந்து.

"பெரியம்மா, ஹாலிஎல கிட்ட ஒரு பொம்பளப் புள்ள எம்மேல வாந்தி எடுத்திருச்சு. எறங்கிக் கழுவிட்டு நிக்கிறோம், பஸ்காரன் விட்டுட்டுப் போயிட்டான்!"

பெரியம்மா எழுந்தார். கட்டிப்பிடிக்கவில்லை. அழவில்லை. நனைந்த சட்டையைப் பிழிந்துவிட்டு, "சாப்பிட்டியா?" என்றார்.

தகப்பனை நான் ஓரமாகக் கூப்பிட்டேன். "கூட்டிட்டு வரமாட்டீங்கன்னு நெனச்சேன்."

"நானுந்தாங்க நெனச்சேன்" என்றார் அவர், லீக்ஸ் மூட்டையை இறக்கியபடி. "புதன்கெழம ராவு வரைக்கும் அனுப்புற யோசனதான். ஆனா பாருங்க, அக்கா சண்டை போட்டிருந்தா நானும் போட்டிருப்பேன். ஒளிச்சு வச்சிருந்தா தூக்கிட்டுப் போயிருப்பேன். கையில புடிச்சுக் குடுத்திட்டு, 'ஒங்க புள்ள, கூட்டிட்டுப் போங்க'ன்னுச்சு. அதுக்கு மேல என்னத்தங்க செய்றது?"

மூடிய அறையில் நீதிபதி முதலில் தகப்பனைக் கேட்டார். சம்மதமா? சம்மதம். பதிலுக்கு ஏதாவது பெற்றாரா?

"நாந்தாங்க குடுத்தேன். ரெண்டு கை தவுடு. வெலிமடையில கோழித் தீனிக் கடையில வாங்குனது."

இந்த முறை தவிட்டுக்குச் சிங்களச் சொல் சரியாக வந்தது. நீதிபதி நிமிர்ந்து, என்ன நடந்தது என்று முழுவதும் சொல்லச் சொன்னார். பெரியம்மா தொடக்கத்திலிருந்து சொன்னார். முறம், கோயில், தங்கை, குளவி, வெள்ளிக்கிழமை. நான் வாக்கியம் வாக்கியமாகப் பெயர்த்தேன். நீதிபதி அதை அப்படியே பதிவு செய்யச் சொன்னார். தங்கையின் பெயரைக் கேட்டு, எழுத்துக்கூட்டி எழுதச் சொன்னார்.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் சம்மதமும் வேண்டும். பிள்ளையைக் கேட்டார்.

"அப்பா வீட்டுல நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க. கரட் கழுவுனேன். ஆனா எனக்குப் பெரியம்மாதான் வேணும்" என்றது. பிறகு அவசரமாக, "அம்மான்னு கூப்பிடணும்னு எழுதிறாதீங்க, அது திட்டும்" என்றது. நீதிபதிக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும் என்று அன்றுதான் கண்டுகொண்டேன். நான் பெயர்ப்பதற்கு முன்பே சிரித்துவிட்டார்.

கடைசியில் அந்தக் கேள்வி. இந்தப் பிள்ளையைப் பெற்றுக்கொள்வதற்காக யாருக்காவது எதையாவது கொடுத்தீர்களா?

அவர் மடியிலிருந்த பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இல்லீங்க" என்றார்.

அந்தச் சொல்லை எத்தனையோ பேருக்காக நான் சிங்களத்தில் சொல்லியிருக்கிறேன். உண்மை என்று எனக்கே தெரிந்து சொன்னது அன்றுதான்.

இரண்டு மாதம் கழித்து மகவேற்புச் சான்றிதழை வாங்க இருவரும் வந்தார்கள். பிள்ளை அதை வாசித்துக் காட்டியது. தாய் என்ற இடத்தில் பெரியம்மாவின் பெயர் இருந்தது. வேறெவர் பெயருக்கும் அந்தப் படிவத்தில் இடமில்லை. அவருடைய முகம் மாறியது.

"எந்தங்கச்சி பேரு எங்கங்க?"

"இதில் வராதும்மா. இனி நீங்கதான் தாய்."

"அப்பிடி நடக்கலீங்களே. பெத்தது அவதானே?"

பழைய பிறப்புப் பதிவு அழியாது, ஓரத்தில் ஒரு குறிப்பு மட்டும் ஏறும், புத்தகம் அப்படியேதான் இருக்கும் என்றேன். "நெசமாவா ஐயா?" என்று கேட்டார். ஞாபகமில்லை என்று சொல்லும்படி அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். கேட்கத்தான் செய்வார்.

சாவியை எடுத்துக்கொண்டு பதிவேட்டறைக்குப் போனேன். பிறப்புப் புத்தகம் எங்களிடம் இருக்காது, அவருடைய வழக்குக் கோப்பைக் கொண்டுவந்து மேசையில் விரித்தேன். முறைப்படி அதற்கு ஒரு விண்ணப்பம் வேண்டும், ஒரு முத்திரை வேண்டும், ஒரு கிழமை காத்திருக்க வேண்டும். என் வாழ்நாளில் படிவம் இல்லாமல் நான் திறந்த கோப்பு அது ஒன்றுதான். அன்றைய விசாரணைக் குறிப்பு சிங்களத்தில் இருந்தது. விரலை வைத்து வரி வரியாகத் தமிழில் சொன்னேன். மனுதாரரின் தங்கை, அவளுடைய பெயர், அவள் பெற்ற பிள்ளை, இரண்டு கைப்பிடித் தவிடு கொடுத்து வாங்கியது, திருப்பி வாங்குமுன் அவள் இறந்தது, அவளுக்காக அவள் கணவன் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையைப் பெற்றுக்கொண்டது, அதன்பின் அவனுடைய சம்மதத்தோடும் பிள்ளையின் சம்மதத்தோடும் மனுதாரர் பிள்ளையை ஏற்றது.

"இது இங்கேயே இருக்குமா?"

"இங்கேயே இருக்கும்."

தங்கையின் பெயர் இருந்த இடத்தை என்னைக் காட்டச் சொன்னார். காட்டினேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்தார். தடம் விழுந்தது.

"மறுபடி வாசிங்க ஐயா" என்றார்.

மறுபடி வாசித்தேன். பஸ்ஸைப் பற்றி யோசிக்காமல், முதலிலிருந்து கடைசி வரைக்கும் கேட்டார்.

"அப்பிடித்தாங்க நடந்துச்சு" என்றார்.